உயிரோடு இருப்பவளுக்கு மாலை

ஜூன் 2, திங்கள்

காலையில் ஒலிபெருக்கி, "இன்றும் ஓர் இனிய நாள்" என்றது. மழை ஊற்றிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கிக்கு ஜன்னல் கிடையாது, பாவம்.

பதினான்காம் எண் வீட்டுக்கு நாளை ஆள் வருகிறார். அடுப்படியை ஒழுங்கு செய்யச் சொல்லி எனக்கு உத்தரவு. இந்தக் குடியிருப்புக்கு வருகிற எல்லாருமே ஏதோ ஓர் அலுவலகத்தில் ரகசிய வேலை பார்த்தவர்கள், ஒரு நாள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள். ஏன் வேண்டாம் என்றார்கள் என்பது தெரியாமல் மேலிடத்துக்குச் சோறு இறங்காது. அதனால் தூங்குகிற ஆளை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, அவருடைய சொந்த வீடு போலவே ஒரு வீட்டைக் கட்டி அதில் படுக்க வைத்துவிடுவார்கள். சட்டையில் எண் போட்ட வில்லை ஒன்றைக் குத்துவார்கள். பெயர் அதோடு போயிற்று.

குடியிருப்போருக்கு வெள்ளை வில்லை, ஊழியருக்கு மஞ்சள். எனக்கு மஞ்சள், எண் முப்பத்தொன்று. நான் இங்கே ஊழியர். வந்த அன்று எனக்குக் கடும் காய்ச்சல் என்றும், தூக்கத்திலேயே பயணம் முடிந்துவிட்டது என்றும் சொன்னார்கள். ஆறு வருடம் ஆகிறது.

என் வேலை பக்கத்து வீட்டுக்காரியாக இருப்பது. ரசம் கொடுப்பது, பேச்சுக் கொடுப்பது, கேட்டதை எழுதிக் கொடுப்பது. இம்முறை இருபத்தொரு நாள் கெடு. அதற்குள் காரணம் தெரியாவிட்டால் அவரை மருத்துவ விடுதிக்கு அனுப்புவார்கள். அங்கே போய் வந்த இருபத்திரண்டாம் எண்காரர் ஒரே ரோஜாச் செடிக்கு நாள் முழுதும் தண்ணீர் ஊற்றுகிறார். மிகவும் அமைதியாக இருக்கிறார்.

இந்த ஆண்டின் ஐந்தாவது நிர்வாகி இவர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர். "தாங்கள் வெற்றி பெற்றால் தங்கள் விடுப்பு விண்ணப்பத்தை நானே பரிந்துரைப்பேன்" என்றார். ஏழாவது விண்ணப்பம் அது. என் மகள் சிட்டுவைப் பார்க்கத்தான்.

பதினான்கின் கூடத்தில், வரப்போகிறவரின் மனைவி படத்தை மாட்டியிருந்தார்கள். சந்தன மாலை போட்டு, சின்ன மின்விளக்கு வைத்து. மனைவி இல்லாத ஆள். பாவமாக இருந்தது. பருப்பு டின்னைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

என் வாய்க்குப் பூட்டு வாங்கிப் போட வேண்டும்.

பதினான்காம் எண்காரர் காலையில் கண் விழித்து, தன் வீடு என்றே நினைத்து, கதவைத் திறந்திருக்கிறார். வெளியே மலை. எல்லாரையும் போல ஓடி நிறுத்தத்தில் பேருந்து ஏறினார். பலகையில் அவரவர் ஊர்ப் பெயர் போட்டிருக்கும், அவருக்கு 'கோயம்புத்தூர்'. மலையை ஒரு சுற்றுச் சுற்றி நாற்பது நிமிடத்தில் அதே நிறுத்தத்தில் இறக்கிவிடும். எனக்கு அது 'மதுரை' என்று வந்தது. நானும் ஒருமுறை ஏறியிருக்கிறேன், சும்மா பார்க்கலாம் என்று.

அவர் திரும்பி வந்து படியில் உட்கார்ந்திருந்தபோது ரசத்தோடு போனேன். அறுபது வயது இருக்கும். நரைத்த மீசை, கலங்கின கண்.

"பக்கத்து வீடுதாண்ணே. சூடா இருக்கு, குடிங்க."

"இது எந்த ஊருங்க?"

"இதுக்குப் பேரு கிடையாதுண்ணே."

ரசக் கிண்ணத்தை வைக்க உள்ளே போனேன், அவரும் பின்னாலேயே வந்தார். படம் கண்ணில் பட்டது. சம்பிரதாயத்துக்கு ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று தோன்றியது.

"வீட்ல அவுக தவறி எம்புட்டு நாளாச்சுண்ணே?"

"யாருங்க?"

நான் படத்தைக் காட்டினேன். அதுவரை அவர் அந்தச் சுவரைப் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. பார்த்தார். மாலையைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். "முந்தாநாளு காலைல காப்பி போட்டுக் குடுத்தாளுங்களே" என்றார். அதையே இரண்டாம் தடவையும் சொன்னார். பிறகு சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

ரசம் தரையில் கொட்டிவிட்டது. துடைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 4, புதன்

சாப்பிடவில்லை. மூன்று வேளையும் தட்டு அப்படியே திரும்பியது.

ஜூன் 5, வியாழன்

பச்சைத் தண்ணீரில் தலை முழுகியிருக்கிறார். ஈரத் துண்டோடு வாசலில் நின்று, "அம்மணி, அவ போனது எந்த நாளுன்னு மட்டும் விசாரிச்சுச் சொல்றீங்களா? திதி தெரியோணும்" என்றார். அதட்டவில்லை, கெஞ்சவில்லை. தபால் நேரம் கேட்பது போலத்தான் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நிர்வாகியிடம் போய்க் கேட்டேன். அவர் கோப்பைப் புரட்டினார். "இறந்த நாளா? அந்த அம்மையார் நலமாக இருக்கிறாரே" என்றார்.

"அப்ப படத்துக்கு எதுக்கு மாலை போட்டீங்க?"

"தமிழ் வீடுகளில் படங்களுக்கு மாலை சூட்டுவார்கள் அல்லவா? சில திரைப்படங்களில் கண்டிருக்கிறேன். வீடு இயல்பாக இருக்கட்டும் என்று நானே தேர்ந்தெடுத்தேன். அழகாக இல்லையா?"

எங்கள் ஊரில் எந்தப் படத்துக்கு மாலை போடுவார்கள் என்று சொன்னேன். ஒரு நிமிடம் அவர் காது சிவந்தது. பிறகு யோசித்தார். எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை.

"மாலை அப்படியே இருக்கட்டும்" என்றார். "துயரத்தில் இருப்பவன் பேசுவான். தாங்கள் எதையும் மறுக்க வேண்டாம்." என் விடுப்பு விண்ணப்பம் அவர் மேசையில் எனக்குத் தெரிகிற மாதிரி கிடந்தது.

திரும்பி வந்து, தேதி தெரியவில்லையாம் என்று அவரிடம் சொன்னேன். பொய் இல்லை அது. தேதி ஒன்று இருந்தால்தானே தெரியும்.

ஜூன் 6, வெள்ளி

சிட்டுவிடமிருந்து கடிதம். மாதம் ஒன்று தவறாமல் வரும். அவளை என் தங்கை வீட்டில், திருமங்கலத்தில் விட்டுவிட்டு வந்தேன். அப்போது வயது ஐந்து. இப்போது பதினொன்று. கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும் என்பதால் பள்ளிக்கூடத்தில் தட்டச்சு செய்து அனுப்புகிறார்களாம். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் இந்த மாதக் கடிதம் சப்பென்று இருக்கிறது. 'நான் நலம். நன்கு படிக்கிறேன்.' வழக்கமாக அவள் கடிதத்தில் ஓர் ஓட்டம் இருக்கும். விழுந்த பல்லை எலிப் பொந்தில் போட்டது, வாத்தியார் தும்மினால் பல்லிகூட ஓடுவது, எல்லாம் எழுதுவாள். போன வருடம் கடலைத் தொலியில் பதினாறு பெட்டி ரயில் விட்டதாக எழுதியிருந்தாள். அதை எத்தனை தரம் படித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

ஒன்றை மட்டும் அவள் எழுதினதே இல்லை. சின்னதில் நாய் என்றால் அவளுக்கு உயிர் போய்விடும். தெருமுனையில் நாய் தெரிந்தால் போதும், என் இடுப்பில் ஏறி முகத்தைப் புதைத்துக்கொள்வாள். இப்போது பள்ளிக்கூடத்துக்குத் தனியாக நடக்கிறாள். யார் இடுப்பில் ஏறுவாள்? நாலைந்து கடிதத்தில் கேட்டுவிட்டேன். பதில் வந்ததில்லை. பிள்ளைகளுக்குக் கேட்டது எங்கே நினைவிருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

இன்று நாலு வாய் சாப்பிட்டார். பேசினார். மனைவி பெயர் ரங்கநாயகி. முப்பத்தாறு வருடக் கல்யாணம். பிள்ளை இல்லை. "அவளுக்கு வெளிச்சம் பத்தாதுங்க. சாயங்காலமானா வாசப்படி தட்டும். நான் கையைப் புடிச்சுக்குவேன்." இதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். நிர்வாகி 'நன்று' என்று கையெழுத்திட்டார்.

இரவு மோரோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜூன் 11, புதன்

எள் கேட்கிறார்.

"செத்த நாளு தெரியலீன்னா என்னங்க, சேதி தெரிஞ்ச நாளைக் கணக்கு வெச்சுப் பத்தாம் நாளு வியாழக்கிழமை ஒரு புடி எள்ளுந் தண்ணியும் எறச்சுடறேன். அவ தாகத்தோட நிக்கக் கூடாதுங்க."

அலுவலகத்தில் கேட்டேன். மறுப்பார்கள் என்று நம்பித்தான் கேட்டேன். உடனே ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அது இப்போது என் மேசைமேல் இருக்கிறது. ஒரு சுமங்கலி தன் வீட்டில் உட்கார்ந்து, புருஷன் எங்கே என்று வழி பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அந்தப் புருஷன் கையாலேயே எள் இறைக்க நான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

விடுப்பு வேண்டும். அதுவும் உண்மைதான். ஆறு வருடம் என்பது பிள்ளைக்குப் பாதி ஆயுள். நான் ஒன்றும் கல் இல்லை, எனக்கும் வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

சொல்லிவிட்டேன்.

வீடுகளில் எல்லாம் ஒட்டுக்கேட்கும் பெட்டி இருக்கிறது, வெளியே கம்பத்துக்குக் கம்பம் இருக்கிறது. இல்லாத இடம் பொதுச் சமையலறைதான் என்று சொல்ல முடியாது, அங்கேயும் இருக்கிறது. ஆனால் அங்கே மாவு அரைக்கும் கிரைண்டர் ஓடினால் பெட்டிக்கு ஒரு சொல் புரியாது. போன நிர்வாகி அதைப் பற்றிப் புலம்பியதைக் கேட்டிருக்கிறேன். நாளைய இட்லிக்கு அரிசி ஊறியிருந்தது. "தூக்க ஒரு கை குடுங்கண்ணே" என்று அவரைக் கூட்டிப்போனேன்.

கிரைண்டரைப் பார்த்ததும் கோயம்புத்தூர்க்காரர் கல்லைத் தட்டிப் பார்த்தார். ஓடவிட்டேன். தண்ணீர் தெளிக்கிற சாக்கில் குனிந்து, அவர் காதருகே சொன்னேன்.

"அண்ணே, அவுக உசுரோட இருக்காக. மாலை தெரியாமப் போட்டது. அந்த ஆளுக்கு நம்ம வழக்கம் தெரியல. எள்ளை இறைச்சுப்புடாதீக."

அவர் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார். கை நிற்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மாவில் விழுந்தது. நானும் பார்க்காத மாதிரி உளுந்தைக் கழுவினேன்.

"எப்பத் தெரியுங்க உங்களுக்கு?"

"ஒரு வாரமா."

"ஒரு வாரமா" என்றார் அவரும். "ஒரு வாரமா நான் அவளைச் சுடுகாட்டுல வெச்சுட்டு உங்க ரசத்தைக் குடிச்சனுங்க."

விடுப்பு, மகள் என்று ஏதோ உளறினேன். அவர் கை கழுவிக்கொண்டு போய்விட்டார். மாவு கொஞ்சம் கொரகொரப்பாக நின்றுவிட்டது.

ஜூன் 14, சனி

பேசவில்லை. எள்ளும் இறைக்கவில்லை. மழையில் எள் நனைந்துவிட்டது என்று பெட்டிக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நாள் முழுதும் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பார்க்கிறவர்களுக்கு அது துக்கம். நான் உற்றுப் பார்த்தேன். மனிதர் தன் பெண்டாட்டியோடு ஏதோ கதை பேசிக்கொண்டிருக்கிறார்.

ரசக் கிண்ணத்தை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன். எனக்கு அவர் கோபம் நியாயமாகவே பட்டது.

ஜூன் 17, செவ்வாய்

இன்று அவரே வந்தார். காகிதப் பொட்டலத்தில் வேர்க்கடலை. "கோவத்துல கிண்ணத்தக்கூடத் திருப்பித் தரலீங்க" என்று பாத்திரத்தையும் நீட்டினார். மன்னிப்பு என்று யாரும் சொல்லவில்லை. வாசலில் உட்கார்ந்து கடலை உரித்தோம்.

உரித்த தொலியை அவர் ஒன்றின் பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே வந்தார். அடுக்குவது அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. பதினாறு வைத்துவிட்டு நிறுத்தினார்.

"எங்க சிட்டும் இப்புடித்தாண்ணே ரயில் விடுவா. பதினாறு பெட்டின்னு எழுதியிருந்தா" என்றேன்.

அவர் கையில் இருந்த கடலை கீழே விழுந்தது. என் வில்லையில் இருக்கும் எண்ணைப் பார்த்தார். இரண்டு வாரமாகப் பார்க்கிற எண்தான். "திருமங்கலமுங்களா?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார். நான் ஊர் பெயரை அவரிடம் சொன்ன நினைவு இல்லை. சொல்லியிருப்பேன்.

உடனே எழுந்து போய்விட்டார். வயதானவர், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலும்.

ஜூன் 18, புதன்

நேற்றைய மாவே இருக்கிறது. இன்றும் அரைக்கப் போனேன். அவர்தான் கண்ணால் கூப்பிட்டார்.

கல் சுற்ற ஆரம்பித்ததும், "நீங்க தனபாக்கியங்களா?" என்றார். ஆறு வருடமாக அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தலையை ஆட்டினேன்.

அவர் அலுவலகத்தில் பார்த்த வேலை கடிதம் எழுதுவது. பெயர் இல்லாத ஓர் ஊரில் இருப்பவர்களுக்கு, அவர்கள் வீட்டார் எழுதுவது போல. அவர்கள் எழுதும் கடிதங்களை வேறு யாரோ நிறுத்திவிட, அவற்றைப் பார்க்காமலேயே, அவர்கள் எழுதுவது போல வீட்டாருக்கு. நாற்பது பேருக்கு எழுதினாராம். பெயரும் எண்ணும்தான் தெரியுமாம், அந்த ஊர் இதுதான் என்று நேற்றுத்தான் புரிந்ததாம். தட்டச்சு அவருடையது. விழுந்த பல், தும்மும் வாத்தியார், பதினாறு பெட்டி எல்லாம் அவருடையது.

"எனக்குப் புள்ளை இல்லீங்களா, அதனால உங்க புள்ளையாட்ட எழுதறப்ப மட்டும் மனசு நெறஞ்சு எழுதுவனுங்க. அதுதான் நான் செஞ்ச பெரிய பாவம்."

கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவள் இருக்கிறாளா?

"நல்லா இருக்காளுங்க. மாசாமாசம் நெசமாலுமே எழுதுவா. அதைப் படிச்சுட்டுத்தான் நான் உள்ள வெப்பேன்."

பிறகு ஏப்ரல் மாதக் கடிதத்தைச் சொன்னார். மனப்பாடமாகச் சொன்னார். கையில் மாவோடு நான் கேட்டதை, ஒரு சொல் விடாமல் இங்கே எழுதி வைக்கிறேன். இந்த நோட்டு உளுந்து டின்னின் அடியில் கிடப்பது யாருக்கும் தெரியாது.

'இந்தக் கடிதங்களை எழுதும் மாமாவுக்கோ அத்தைக்கோ. நீங்கள் என் அம்மா இல்லை. நீங்கள் எப்போதும் "அன்புள்ள சொர்ணவல்லி" என்று ஆரம்பிக்கிறீர்கள். அது எனக்கு வைத்த அப்பத்தாவின் பெயர். அம்மா தன் மாமியார் பெயரைச் சொல்ல மாட்டார், எழுதவும் மாட்டார். என்னைச் சிட்டு என்றுதான் கூப்பிடுவார். நீங்கள் நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா எங்கே என்று உங்களுக்குத் தெரிந்தால் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். இப்போது எனக்கு நாயைக் கண்டால் பயம் இல்லை. எங்கள் தெரு நாய்க்கு நான்தான் சோறு வைக்கிறேன். அம்மா அதை நினைத்துத்தான் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்.'

"இதுக்கு என்னங்க பதில் எழுதறது?" என்றார். "மூணு நாளு காயிதத்தை வெச்சுட்டு உக்காந்திருந்தேன். நாலாம் நாளு ராஜினாமா எழுதிட்டனுங்க. காரணம் கேட்டாங்க. சொன்னா அந்தப் புள்ளைக்கு எல்லாம் தெரியும்னு தெரிஞ்சு போயிருமே. அதான் வாயத் தொறக்கலீங்க."

அப்படியானால் இத்தனை நாளாக நான் தோண்டி எடுக்கப் பார்த்தது என் பிள்ளையைத்தான்.

அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. அழுகை வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் தோன்றியது. எல்லாம் சேர்ந்து வந்ததில் மாவில் உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

நாய்க்குச் சோறு வைக்கிறாளாம். என் இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை.

ஜூன் 20, வெள்ளி

அறிக்கை கொடுத்தேன். 'பதினான்காம் எண் ராஜினாமா செய்த காரணம்: மனைவிக்குக் கண்பார்வை மங்கி வருகிறது. கூடவே இருக்க விரும்பினார். மனைவி இறந்துவிட்டதாக நம்பிய துயரத்தில் தாமே சொன்னார்.'

நிர்வாகி இரண்டு முறை படித்தார். "இவ்வளவுதானா?"

"அம்புட்டுத்தாங்க."

அவருக்கு ஏமாற்றம். வெளிநாடு, சதி என்று ஏதோ எதிர்பார்த்திருந்தார். ஆனால் மாலை தன் யோசனை என்பதால் நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. கோப்பை மூடி முத்திரை வைத்தார். மருத்துவ விடுதி தேவையில்லை என்று எழுதினதை என் கண்ணால் பார்த்தேன். நாச்சிமுத்து அண்ணன் இனி இங்கேயே வெள்ளை வில்லையோடு இருப்பார். இருபத்திரண்டாம் எண்காரர் போல ஆகமாட்டார், அவர் அவராகவே இருப்பார். அவருக்கு அந்தப் பெயர் என்று கோப்பின் மேலட்டையில் இருந்தது, இத்தனை நாள் நான் அதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

கிரைண்டருக்குப் பக்கத்தில் அவரிடம் சொன்னேன். நான் கேட்காமலேயே, "அந்தக் கடுதாசிய நான் அன்னிக்கே அடுப்புல போட்டுட்டனுங்க. அவங்க கைக்குக் கெடைக்காது" என்றார். மாவு பொங்கப் பொங்க நன்றாக வந்தது.

ஜூன் 23, திங்கள்

நிர்வாகி கூப்பிட்டனுப்பினார். "தங்கள் விடுப்பு விண்ணப்பம் மேலிடத்தில் பரிசீலனையில் உள்ளது" என்றார். "தங்களை மகிழ்விக்க இன்னொன்றும் வந்திருக்கிறது." மேசைமேல் ஒரு தட்டச்சுக் கடிதம். 'அன்புள்ள அம்மாவுக்கு' என்று ஆரம்பம். ஒரே மாதத்தில் இரண்டாவது.

நான் அதைத் தொடவில்லை. இந்தக் குடியிருப்பைச் சுற்றி மலை இருக்கிறது, பேருந்து திரும்பி வருகிறது, ஆறு வருடம் முந்தி எனக்குக் காய்ச்சல் வரவில்லை. மூன்றும் எனக்கு வந்த நாளிலிருந்தே தெரியும். மஞ்சள் வில்லை குத்தியிருந்ததால் தெரியாத மாதிரி இருந்தேன்.

வில்லையைக் கழற்றிக் கடிதத்தின்மேல் வைத்தேன். பக்கத்தில், நேற்றே எழுதி வைத்திருந்த தாளை வைத்தேன். 'இன்று முதல் இந்தப் பணியிலிருந்து விலகுகிறேன். தனபாக்கியம்.' அவ்வளவுதான் அதில் இருந்தது.

நிர்வாகி தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு புதுக் கோப்பை எடுத்துப் பிரித்தார். பேனாவைத் திறந்தார். குரல் மிகவும் இனிமையாகிவிட்டது. அந்தக் குரலை எனக்குத் தெரியும், வெள்ளை வில்லைக்காரர்களிடம் பேசுகிற குரல்.

"ஏன் விலகுகிறீர்கள், அம்மையாரே?"

திருமங்கலத்தில் ஒரு பெண் பிள்ளை இந்நேரம் தெரு நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது இந்த மேசைக்குத் தெரியாது. தெரியவும் போவதில்லை.

அவர் வெகுநேரம் காத்திருந்தார். நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.